இமைக்கு எதற்குத் திருத்தம்?

‘ஹூடட் ஐஸ்’ என்று அழகுக்கலைப் பாடத்தில் சொல்லப்படும் கண்ணுக்குத் தமிழில் நல்ல பெயர் கிடையாது. வசவுகள்தான் உண்டு. தூங்குமூஞ்சி. சொருகுன கண்ணு. அரைக்கண்ணு. ‘முழிச்சிருக்காளா தூங்குறாளான்னே தெரியலை.’ எங்கள் செல்லூரில் அப்படிப்பட்ட கண்ணோடு பிறந்த பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் இவற்றில் ஏதாவது ஒன்று பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டுவிடும். வகுப்பில் வாத்தியார், வீட்டில் சித்தப்பா, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அக்கா என்று சொல்லும் ஆள் மாறுமே தவிர, பேச்சு மாறாது. அதே இமை அந்த மாப்பிள்ளைக்கு இருந்தால் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. கவனித்தாலும் ‘சாந்தமான முகம்’ என்பார்கள்.

அது என்ன கண் என்று முதலில் பார்த்துவிடுவோம். கண்ணாடியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தாமல், சாதாரணமாக நேரே பாருங்கள். மேலிமையில் ஒரு மடிப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கும் இமை முடிக்கும் நடுவில் உள்ள பகுதி, சிமிட்டும்போது மேலும் கீழும் போய்வரும் பகுதி, உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது ஒரு வகை. புருவ எலும்புக்குக் கீழே இருக்கும் தோல் அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கி, அந்தப் பகுதியைப் பாதியோ முழுசோ மூடியிருந்தால் இன்னொரு வகை. அவ்வளவுதான் விஷயம். மடிப்புக் கோடே இல்லாத கண் வேறு. குழிக்குள் ஆழமாக அமைந்த கண் வேறு. பரம்பரையாக வருவது ஒன்று, வயதாகித் தோல் தளர்ந்து வருவது ஒன்று. இருபது வயதில் மடிப்பு பளிச்சென்று தெரிந்த கண், ஐம்பதைத் தாண்டியதும் தோல் இறங்கி மூடிக்கொள்வது வெகு சாதாரணம். இன்றைக்கு ‘எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை’ என்று நினைக்கிறவர்களில் பலரும் ஒருநாள் இந்த வரிசைக்கு வந்து சேரத்தான் போகிறார்கள். நான் இதைப் ‘போர்த்திய இமை’ என்று சொல்கிறேன். வேறு நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கும் போர்த்திய இமைதான். செல்லூரில் வீட்டின் முன்னறையில் பார்லர் வைத்திருக்கிறேன். அம்மாச்சி காலத்தில் அந்த அறையில் குழித்தறி இருந்தது. குழியை மூடி, சிமெண்ட் பூசி, அதன் மேல்தான் இப்போது என் நாற்காலி கிடக்கிறது. அடுத்த தெருவில் விசைத்தறிச் சத்தம் இன்னும் கேட்கும். வருகிறவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வைகைக்கு அந்தப்புறம் சிம்மக்கல், கீழவாசல் பக்கம் கணக்கெழுதப் போகிறவர்கள், முகூர்த்த நாளில் மணப்பெண்கள். மணப்பெண்ணோடு வரும் அம்மா நாற்காலியில் மகளை உட்கார வைத்ததும் பெரும்பாலும் ஒரே வரியைத்தான் சொல்வார்: “இந்தப் பிள்ளைக்குக் கண்ணு எப்பவும் தூங்குற மாதிரியே இருக்கும்மா. கொஞ்சம் பெருசாத் தெரியுற மாதிரி போட்டு விடுங்க.” பிள்ளை அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். கல்யாணத்தன்றுகூட அந்தக் காதுக்கு விடுமுறை இல்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அந்தப் பேச்சை யார் கொடுத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். அழகுக்கலை வகுப்புகளில் ‘கரெக்டிவ் மேக்கப்’ என்று ஒரு பாடம் உண்டு. திருத்தும் ஒப்பனை. அதில் சரியான முகம் என்று ஒரு முகம் இருக்கும். முட்டை வடிவ முகம், பாதாம் பருப்பு வடிவக் கண், இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கிற அளவு இடைவெளி. மற்றதெல்லாம் திருத்தப்பட வேண்டியவை: வட்ட முகம், அகன்ற மூக்கு, தடித்த உதடு, சின்னக் கண், போர்த்திய இமை. நம் தெருவில் நடந்து போகும் பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் அந்தப் பாடத்தின்படி ஒருத்திகூடத் தேற மாட்டாள். பயிற்சிக்கு என்று ஒரு தாள் கொடுப்பார்கள், முகம் அச்சடித்த தாள். அதில் உள்ள கண்ணில் புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவில் ஒரு மைதானமே இருக்கும். மூன்று நிறம், நான்கு நிறம் என்று அதில் தடவிப் பழகிவிட்டு வரும் பிள்ளை, எங்கள் ஊர் முகத்தைப் பார்த்ததும் திகைத்துப் போகிறாள். தடவிய நிறம் எதுவும் தெரியவில்லை. தாள் தப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே கண் தப்பு என்று முடிவெடுக்கிறாள்.

இதில் எனக்கு நெடுநாளாகக் கோபம் உள்ள இடம் ஒன்று உண்டு. கண் ஒப்பனையைக் காட்டும் படங்களைப் பாருங்கள். மணப்பெண் தலையைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, ஏறக்குறைய மூடியிருப்பாள். இமையில் தங்க நிறமும் மெரூனும் பளபளக்கும். கல்யாண ஆல்பத்திலும் அப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும். “கீழ பாருங்க சிஸ்டர், இன்னும் கொஞ்சம் கீழ.” போர்த்திய இமை உள்ள பெண்ணுக்கும் அந்தப் படத்தில் எந்தச் சிக்கலும் வராது. கண்ணை மூடினால் இமை முழுதும் விரிந்து நிறமெல்லாம் அழகாகத் தெரியும். சிக்கல் எப்போது வருகிறது? அவள் நிமிர்ந்து எதிரில் இருப்பவரைப் பார்க்கும்போது. பார்க்கிற கணத்தில் தோல் இறங்கி அலங்காரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாடப்புத்தகம் இதைத்தான் குறை என்கிறது. ஒரு பெண் நேராகப் பார்த்தால் அவள் அலங்காரம் மறைந்துபோகிறது என்பது குறையாம்! குனிந்த தலை நிமிராத பெண்ணுக்காகவே வளர்ந்த ஒரு கலை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மதுரையில் இருந்துகொண்டு கண்ணைப் பற்றிப் பேசினால் மீனாட்சியைத் தொடாமல் முடியாது. ‘மீனாட்சி மாதிரி கண்ணு’ என்றால் நீண்டு, விரிந்து, ஓரம் கூர்ந்த கண் என்றுதான் இன்று எல்லோரும் பொருள் கொள்கிறார்கள். மணப்பெண் அலங்காரத்தில் ‘மீனாட்சி லுக்’ என்றே கேட்டு வருகிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பெரியவர்கள் சொல்லிவந்த விளக்கம் வடிவத்தைப் பற்றியதே கிடையாது. மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. மீனுக்கு நம்மைப்போல் மூடித் திறக்கும் இமையும் இல்லை. அதுபோல் கண் மூடாமல் ஊரைப் பார்த்துக்கொண்டே இருப்பவள் என்பதால் மீனாட்சி. அந்தக் கண்ணின் பெருமை அது பார்க்கிறது என்பதில் இருந்தது. எப்போதோ வழியில் அதைப் பார்க்கப்படுகிற கண்ணாக மாற்றிவிட்டோம். பக்தி உள்ளவர்களும் இல்லாதவர்களும் இதை யோசிக்கலாம். எனக்குச் சாமி கும்பிடுவதைவிட இந்த விளக்கம் பிடிக்கும்.

பழைய தமிழில் மை ‘போடுவது’ என்று சொல்வதில்லை, கண் ‘எழுதுவது’ என்பார்கள். எழுதுகிறவளின் சங்கடத்தை வள்ளுவரும் கவனித்திருக்கிறார். மை தீட்டும் அந்த நேரத்தில் தீட்டுகிற கோல் கண்ணுக்குத் தெரியாது என்று காமத்துப்பாலில் ஓர் உவமை வருகிறது. அன்றாடம் மை எழுதுகிறவளுக்குத்தான் அது புரியும்.

‘தூங்குமூஞ்சி’ என்ற வசவு நம் ஊர்ச் சொத்து மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஜூலி சென், சீனப் பெற்றோருக்கு அங்கே பிறந்தவர். 2013இல் தன் நிகழ்ச்சியிலேயே ஒரு விஷயத்தைச் சொன்னார். இருபத்தைந்து வயதில் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரத்துத் தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்தபோது, செய்தி வாசிக்க வாய்ப்புக் கேட்டிருக்கிறார். உன் கண்ணைப் பார்த்தால் எதிரில் இருப்பவர் பேச்சில் அக்கறை இல்லாமல் சலிப்போடு இருப்பவள் மாதிரி தெரிகிறது என்று மேலதிகாரி மறுத்துவிட்டார். அவர் இமை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், பிறகு வேலையில் மேலே மேலே போனார். அந்த அதிகாரி சொன்னதும் செல்லூர்ச் சித்தப்பா சொல்வதும் ஒன்றுதான். ஒரு பெண்ணின் தோல் மடிப்பைப் பார்த்து அவள் குணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சோம்பேறி, அக்கறை இல்லாதவள், திமிர் பிடித்தவள்.

இமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவைச் சிகிச்சையை ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896லேயே எழுதி வைத்திருக்கிறார். கொரியப் போர் முடிந்த 1950களில் அங்கே போன அமெரிக்க ராணுவத்தின் பிளாஸ்டிக் சர்ஜன் டேவிட் ரால்ஃப் மில்லார்ட், கொரியர்களின் இமையை மேற்கத்தியக் கண் மாதிரி மாற்றும் அறுவையைச் செய்து மருத்துவ இதழ்களில் எழுதினார். போருக்குப் போன இடத்தில் மனிதர்களின் கண்ணையும் திருத்திவிட்டு வந்தார்கள். இன்று அது தென் கொரியாவில் மிகச் சாதாரணமான அறுவை. நம் ஊரில் தோல் நிறத்துக்கு நடந்தது அங்கே இமைக்கு நடந்திருக்கிறது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்ற நமக்கு 2020 வரை ஆயிற்று. இமையின் முறை இப்போதுதான் தொடங்குகிறது. இமையில் ஒட்டிக்கொள்ளும் டேப் வாங்கி வைத்துக்கொண்டு, ‘இதை எப்படி ஒட்டுறதுக்கா?’ என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். தினமும் ஒட்டி, தினமும் உரித்து, இமைத் தோல் சிவந்து தடித்துப் போன பிறகும் வருகிறார்கள். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அங்கே இருப்பது.

நம் சினிமா இதில் இரண்டு நாக்கோடு பேசியது. 1960களின் கதாநாயகிகளுக்கு மை காதுவரை நீண்டது. வால் விட்ட மை என்று எங்கள் அம்மா தலைமுறை அதை அப்படியே எழுதிக்கொண்டது. சில்க் ஸ்மிதா வந்தபோது பாதி மூடிய பார்வைக்குக் கேமரா சொக்கியது. அதே பாதிக் கண்ணோடு ஒருத்தி பேருந்தில் நின்றால் தூங்குமூஞ்சி.

சரி, போர்த்திய இமைக்கு மை எழுதுவது எப்படி? இதைச் சொல்லாமல் போனால் நான் வெறும் மேடைப் பேச்சாளி. திருத்தம் என்ற சொல்லைத்தான் எதிர்க்கிறேன், மையை எதிர்க்கவில்லை.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். வகுப்பில் கண்ணை மூடச் சொல்லித்தான் பழக்குவார்கள். மூடிய இமையில் அளவெடுத்துப் போட்டதெல்லாம் திறந்ததும் இடம் மாறிவிடும். கண்ணாடி கண் மட்டத்தில் இருக்கட்டும். முகவாயைத் தூக்கி மூக்கு வழியாகப் பார்த்தபடி போடாதீர்கள், நீங்கள் நாள் முழுதும் அப்படியா நடக்கப் போகிறீர்கள்? நேரே பார்த்து, புருவத்தைத் தளர்த்தி, தோல் எங்கே மடிகிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே பென்சிலால் ஒரு புள்ளி. நிறம் போட நினைத்தால் அந்தப் புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். பளபளப்பு இல்லாத பழுப்பு நிறம் போதும். டப்பாவில் இளம்பழுப்பு என்று வருவது நம் நிறத்தில் சாம்பல் பூசியது மாதிரி நிற்கும். காப்பிக்கொட்டை நிறத்தை எடுங்கள். பளபளப்பு பிடிக்குமென்றால் மடிப்பின் மேல் வேண்டாம், அங்கே போட்டால் வீங்கியது மாதிரி தெரியும். இமை முடியை ஒட்டி நடுவில், அல்லது மூக்கோரத்தில் ஒரு தொடல். வீங்கினது மாதிரி தெரிந்தாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும் என்றால் போடுங்கள், போலீஸ் வராது.

கோடு மெல்லியதாக இருக்கட்டும். இருப்பதே கொஞ்சம் இடம், அதில் தடியாக இழுத்தால் கோடு மட்டும்தான் மிஞ்சும். இமை முடியின் வேருக்குள் குத்திக் குத்தி நிரப்புங்கள். ஆனால் முடிக்கு உள்பக்கம், ஈரமாக இருக்கும் விளிம்பில் தீட்டும் வழக்கத்தை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய் அங்கேதான் வரிசையாகத் திறந்திருக்கிறது. மையை வைத்து அதை அடைத்தால் கண் உறுத்தும், எரியும்.

வால் வேண்டுமா? நேரே பார்த்தபடி, கீழிமை முடியும் ஓரத்திலிருந்து புருவத்தின் முனையை நோக்கி ஒரு சின்னக் கோடு. அது மடிப்பின் மேலேயே ஏறிப் போகும், போகட்டும். பிறகு உள்ளே நிரப்புங்கள். கண்ணை மூடினால் கோடு நடுவில் படி மாதிரி உடைந்து தெரியும். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்து அழித்து அழித்துப் போடுவார்கள். அழிக்க வேண்டாம். உங்கள் மூடிய இமையை உற்றுப் பார்க்கிற அளவுக்கு நெருக்கமானவர் அந்தப் படியைப் பார்த்து விலகிப் போகமாட்டார்.

பெரிய தொல்லை வேறு. தோலும் தோலும் உரசும் இடம் அது. சித்திரை மாதத்து மதுரையில் பத்து மணிக்குள் கீழே போட்ட மை மேலே ஏறி அச்சாகிவிடும். விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த புகைக்கரியைக் குழைத்துச் செய்யும் வீட்டு மைக்கு வாசம் நன்றாக இருக்கும், எங்கள் அம்மாச்சி கரிசலாங்கண்ணிச் சாற்றில் திரியை ஊற வைத்துத்தான் செய்வார். ஆனால் எண்ணெய் மை இந்த இமையில் நிற்காது. டப்பா மையும் அப்படித்தான். முதலில் டிஷ்யூவால் ஒற்றி, துளி பவுடர் தட்டி, தண்ணீருக்குக் கரையாத லைனரை மெல்ல இழுத்து, ஒரு நிமிடம் கீழே பார்த்தபடி காய விடுங்கள். இமை முடிக்கு மஸ்காரா போடுவதென்றால், முடியைச் சுற்றிக் குழல் மாதிரி படிந்து வெந்நீரில் உரிந்து வரும் வகை இருக்கிறது, அது ஏறி அப்பாது. ஒட்டு இமை முடி நீளமாக இருந்தால் மேல் தோலில் முட்டும், கனமும் கூட. வெளி ஓரத்துக்கு மட்டும் பாதியாக வெட்டி ஒட்டினால் போதும். பசையை முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னேனே, ‘கண்ணைப் பெரிதாக்க’ என்று ஓரிடத்திலாவது வந்ததா? தேவையே வரவில்லை. இமை எங்கே மடிகிறது, எங்கே உரசுகிறது, எதைத் தாங்கும் என்று தெரிந்தால் வேலை முடிந்தது. ஜாக்கெட் தைக்கிறவர் உடம்பை அளந்துதான் துணியை வெட்டுகிறார். தோளைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று யாரையும் அனுப்புவதில்லை.

இரண்டு பக்கமிருந்தும் எனக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். பெண்ணியம் பேசிவிட்டு மை பூசுவதா என்பது ஒன்று. பெரியார் பெண்களின் நகையையும் அலங்காரத்தையும் கடுமையாகச் சாடினார், அவர் சாடியதன் நியாயம் எனக்கு விளங்கும். ஆனால் இந்த நாட்டில் மை என்பது பூசிக்கொள் என்ற கட்டளை மட்டுமாக இருந்ததில்லை. பூசாதே என்ற கட்டளையாகவும் இருந்தது. புருஷன் செத்த அன்றைக்குப் பூவோடும் பொட்டோடும் சேர்த்துப் பிடுங்கப்பட்டது மை. என் அம்மாச்சி முப்பது சொச்ச வயதில் நிறுத்திய மையை, ஊருக்கெல்லாம் செய்து கொடுத்துக்கொண்டே, சாகும்வரை தன் கண்ணில் வைக்கவில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது குங்குமம், பொட்டு, வளையலோடு டப்பா மைக்கும் வரி இல்லை என்றார்கள். மாதவிடாய் நாப்கினுக்கு 12 சதவீதம். அடுத்த வருஷம் ஜூலை வரை பெண்கள் கத்திக் கத்தித்தான் அது நீங்கியது. சுமங்கலிக்கு அடையாளமாக எது தேவையோ அதற்கு வரி விலக்கு, பெண்ணின் உடம்புக்கு எது தேவையோ அதற்கு வரி. ஆக, மை யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மையைத் தூக்கிப் போடுவதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. இந்த வேலையை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர்.

இன்னொரு பக்கம், ‘என் உடம்பு, என் விருப்பம், டேப் ஒட்டினால் உனக்கென்ன, அறுவை செய்தால் உனக்கென்ன’ என்பவர்கள். உங்கள் விருப்பத்தில் நான் கை வைக்கவில்லை. ஐந்து வயதில் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டு, பதினைந்து வயதில் கேலி செய்து, இருபத்தைந்தில் மாப்பிள்ளை வீட்டார் முன் தலைகுனிய வைத்துவிட்டு, பிறகு கடைக்காரன் வந்து ‘உன் விருப்பம்மா, எடுத்துக்கோ’ என்று நீட்டுவதைத்தான் கேட்கிறேன். அந்த இருபது வருஷத்துக் கூலியை யார் கொடுப்பது? அறுவை என்று போனால் கண் வறட்சியிலிருந்து, கண்ணை முழுசாக மூட முடியாமல் போவது வரை ஆபத்துகள் உண்டு. அரிதாகப் பார்வையே போவதும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதையும் வரி விடாமல் படியுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம் இனிமேல்தான் வருகிறது. எங்கள் தெருவில் ராட்டையில் தார் சுற்றிப் பழகிய வயதான பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பேசும்போது தலையைப் பின்னால் சாய்த்துப் பார்ப்பார்கள். நெற்றி எப்போதும் சுருங்கியே இருக்கும். சாயங்காலமானால் நெற்றி வலி என்று தைலம் தேய்ப்பார்கள். ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். தோல் தளர்ந்து இறங்கிப் பார்வையையே மறைக்கிறது, அதைத் தூக்கிப் பிடிக்கப் புருவம் நாள் முழுதும் உழைக்கிறது. சில பேருக்குத் தோல் சரியாகவே இருக்கும், இமையைத் தூக்கும் தசைதான் தளர்ந்திருக்கும். இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. இமையைத் தூக்கி டேப் ஒட்டிவிட்டு ஒருமுறை, ஒட்டாமல் ஒருமுறை பார்வைப் பரப்பைச் சோதித்தால் எவ்வளவு மறைகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

அந்தப் பெண்களில் ஒருவர் வீட்டில் இதைச் சொன்னபோது கிடைத்த பதில் என் காதில் விழுந்தது. “இந்த வயசுல உங்களுக்குக் கண்ணழகு கேக்குதாக்கும்?” இருபது வயதில் எதையும் மறைக்காத மடிப்பைக் குறை என்று சொல்லிப் பணம் கறந்தவர்கள், அறுபது வயதில் பார்வையையே மறைக்கும் மடிப்பை அலங்கார ஆசை என்கிறார்கள். அவர் படிக்கட்டில் தடுமாறி விழுந்தால் ‘வயசாச்சு, பார்த்து நடக்க வேண்டாமா?’ என்பார்கள். எதை வைத்துப் பார்ப்பது?

குழந்தைகள் விஷயம் இன்னும் அவசரம். பிறவியிலேயே ஓர் இமை இறங்கிக் கருவிழியின் நடுவை மறைத்திருந்தால், அந்தக் கண்ணுக்குப் பார்வை வளராமலே போகக்கூடும். ‘சோம்பேறிக் கண்’ என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வசவு இங்கேயும் விடவில்லை. பெண் பிள்ளைதானே, பெரிசானதும் ஆபரேஷன் பண்ணிக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று தள்ளிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். பெரிசானதும் இமையைத் தூக்கலாம், போன பார்வையைத் தூக்க முடியாது. பெரியவர்களுக்கு ஓர் இமை திடீரென்று விழுந்தாலோ, கூடவே தலைவலி வந்தாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும், என் பார்லருக்கு இல்லை. காலையில் சரியாக இருந்து சாயங்காலம் ஆக ஆக இறங்கும் இமைக்கும் பின்னால் ஒரு தசைநோய் இருக்கலாம்.

நாம் இருப்பது மதுரையில். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரில் இருக்கிறது. செல்லூரிலிருந்து வைகையைத் தாண்டக்கூட வேண்டாம். இமைக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. எங்கிருந்தெல்லாமோ ரயில் ஏறி மக்கள் வருகிறார்கள், நம் தெருப் பெண்களுக்கு அது தூரமாக இருக்கிறது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அச்சடித்த தாளைக் கொடுப்பதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கண் திறந்தபடி, வெறும் தாளில் வரையச் சொல்கிறேன். முதல் வாரம் முழுதும் சிரிப்பும் சண்டையுமாகப் போகும். மணப்பெண்ணின் அம்மா ‘பெருசாத் தெரியுற மாதிரி’ என்று ஆரம்பித்தால், “உங்களுக்கு என்ன வேணும்னு பிள்ளையே சொல்லட்டும்மா” என்று நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுவேன். வீடியோக்காரத் தம்பியிடம் கண்ணைத் திறந்த படம் பத்தாவது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். முணுமுணுப்பார், எடுப்பார்.

உங்கள் வீட்டில் தலையைச் சாய்த்துப் பார்க்கிற அத்தை, பெரியம்மா யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். பழைய கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, இருந்தால் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்திய போட்டோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இமை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட உதவும். அன்றைக்கு மட்டும் யாரும் மை எழுத வேண்டாம், பரிசோதிக்கிறவர் எப்படியும் துடைக்கச் சொல்வார்.